'பெற்றோருக்கு ஆர்வமில்லை': பள்ளிக்கூடம் போகாமல் படித்தவளின் பதில்கள்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய தோழர், "மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வீட்டிலேயே படித்து, முனைவர் பட்ட ஆய்வு வரை வந்தவர்" என்று சொன்னார். உடனே உங்களில் சிலர் முகத்தில் ஒரு வியப்பு வந்தது. இந்த வியப்பு எனக்குப் புதிதில்லை. கல்லூரியில், விடுதியில், ஆய்வுக் கூட்டங்களில் என்று பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வியப்புக்குப் பின்னால் சில கேள்விகள் வரும். அவை அநேகமாக ஒரே கேள்விகளாகத்தான் இருக்கும். இன்று அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன், நான் ஏன் பள்ளியை விட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஊருக்கு வெளியே எங்கள் அருந்ததியர் காலனி. வீட்டில் பேச்சு தெலுங்கு, படிப்பு தமிழ். அப்பா பேரூராட்சியில் தற்காலிகத் துப்புரவுத் தொழிலாளி. அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்தவர். எங்கள் காலனியில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு, பணி ஆணைக்காகக் காத்திருந்தவர்.

2001ஆம் ஆண்டு நான் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவ ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் நான்கைந்து பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வாளியும் விளக்குமாறும் கொடுப்பார்கள். கூப்பிடப்படும் பெயர்கள் எல்லாம் எங்கள் தெருப் பெயர்கள் என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. சொல்லப்போனால், முதல் இரண்டு வாரம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வகுப்பை விட்டு வெளியே போகக் கிடைத்த வாய்ப்பு அல்லவா! மூன்றாம் வாரம் பாவாடையில் பினாயில் வாடையோடு வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டார். சொன்னேன்.

அடுத்த நாள் அம்மா பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இதுல என்னம்மா இருக்கு? உங்க வீட்டுல செய்யாத வேலையா?"

அம்மா பதில் பேசவில்லை. வகுப்புக்கு வந்து என் பையை எடுத்தார், என் கையைப் பிடித்தார், வீட்டுக்கு நடந்தார். நான் பிறகு ஒரு நாளும் மாணவியாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை.

வேறு பள்ளிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அடுத்த அரசுப் பள்ளி ஆறு கிலோமீட்டர். காலையில் போகும் பேருந்து பள்ளி நேரத்துக்கு ஒத்துவராது. ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. புகார் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே வந்துவிட்டதுதான். ஆனால் அப்பாவின் தற்காலிக வேலை யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அன்று புகார் கொடுக்காமல் விட்டதை அம்மா இன்றும் ஒரு தோல்வியாகத்தான் சொல்கிறார்.

இனி கேள்விகளுக்கு வருகிறேன்.

"வீட்டில் அக்கறை இல்லாததால்தானே படிப்பு நின்றது?"

நான் நின்ற அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ, அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் சார்பில் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க இருவர் காலனிக்கு வந்தார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா?" என்றார்கள். "வீட்டுல நான் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார் அம்மா. என்ன காரணம் என்று கேட்டார்கள். அம்மா நடந்ததைச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திக் கேட்டார். பிறகு, "அதையெல்லாம் இதுல எழுத முடியாதும்மா" என்றவர், ஏதோ எழுதிவிட்டுப் போனார். அம்மா எட்டிப் பார்த்திருக்கிறார். எழுதியிருந்தது: 'பெற்றோருக்கு ஆர்வமில்லை.'

தோழர்களே, நான் இன்று கல்வி வரலாற்றில் ஆய்வு செய்கிறேன். பழைய அறிக்கைகளையும் கணக்கெடுப்புகளையும் படிப்பதுதான் என் வேலை. இடைநிற்றலுக்குக் காரணம் வறுமை, அறியாமை, ஆர்வமின்மை என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேனா நினைவுக்கு வரும். அந்த எண்களுக்குள் எத்தனை விளக்குமாறுகள் 'ஆர்வமின்மை' என்று பதிவாகியிருக்கும்? பள்ளி செய்த குற்றம் படிவத்தில் பெற்றோரின் குணமாக மாறிவிடுகிறது. என்னைப் பற்றிய முதல் தவறான புரிதல் அரசு ஆவணத்திலேயே ஏறியது.

"ஆகா, வீட்டுக்கல்வியா! எவ்வளவு சுதந்திரமாக வளர்ந்திருப்பீர்கள்!"

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், நகரத்து முற்போக்காளர்கள். தேர்வு இல்லாத, மணி அடிக்காத, தோட்டத்தில் பட்டாம்பூச்சி பார்த்துப் படிக்கிற மாற்றுக்கல்வியை அவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். தாகூர் பெரும்பாலும் வீட்டில் படித்தவர் என்று எடுத்துக்காட்டும் சொல்வார்கள். தாகூருக்கு வீடு என்பது ஜோராசங்கோ மாளிகை. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வீடு தேடி வந்தார். எங்கள் வீடு ஒரே அறை.

அம்மா நடத்திய பள்ளியைச் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு வருகைப் பதிவேடு வைத்திருந்தார். அதில் ஒரே பெயர். அதை அவர் வாசிப்பார். நான் எழுந்து "உள்ளேன் அம்மா" என்று சொல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் திட்டு விழும். காலாண்டு, அரையாண்டு எல்லாம் உண்டு. பாடப்புத்தகம் பக்கத்து வீட்டு அக்காமார் படித்து முடித்தது. பேரூராட்சியின் கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்கித் தந்தார். மதியம் அம்மா தையல் வேலைக்குப் போய்விடுவார். கொடுத்துவிட்டுப் போன கணக்கு மாலைக்குள் முடிந்திருக்க வேண்டும்.

அது சுதந்திரம் இல்லை. ஒரு பயம். தன் மகள் ஒரு பாடம் பின்தங்கினால்கூட, "பாத்தியா, சொன்னேன்ல" என்று ஊர் சொல்லும் என்கிற பயம். வசதியும் சாதிப் பாதுகாப்பும் உள்ள வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் அதற்குப் பெயர் 'மாற்றுக்கல்வி'. எங்கள் வீட்டுப் பிள்ளை போகாவிட்டால் 'இடைநிற்றல்'. படித்த புத்தகம் ஒன்றாகவே இருந்தாலும் இந்தப் பெயர் மாறாது.

"இது ராஜாஜியின் குலக்கல்விதானே?"

இந்தக் கேள்வி நம் தோழர்களிடமிருந்து மட்டும்தான் வரும். எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தில், கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் ஒரு நாளைக்கு ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். சவரத் தொழிலாளி மகன் கத்தியையும், சலவைத் தொழிலாளி மகன் வெள்ளாவியையும், எங்கள் வீட்டுப் பிள்ளை விளக்குமாற்றையும் கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கமும் கடுமையாகப் போராடினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சராகி அத்திட்டத்தைக் கைவிட்டார். ஆகவே தமிழ்நாட்டில் 'வீட்டில் கற்பது' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சந்தேகம் வர வேண்டும். வருவது சரிதான்.

ஆனால் என் விஷயத்தில் எது எங்கே நடந்தது என்று பாருங்கள். விளக்குமாற்றைக் கையில் கொடுத்தது பள்ளி. பிடுங்கிப் போட்டுவிட்டுப் புத்தகம் கொடுத்தது வீடு. ராஜாஜியின் திட்டத்தைச் சட்டப்படி கைவிட்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, கல்வித்துறையின் எந்த ஆணையும் இல்லாமல், வெள்ளிக்கிழமை மதியங்களில் அது எங்கள் பள்ளியில் அமலில் இருந்தது. குலக்கல்வி ஒரு திட்டமாக வந்தால் நம்மால் எதிர்த்துப் போராட முடிகிறது. ஒரு ஆசிரியரின் பழக்கமாக இருக்கும்போது, அதைப் பார்ப்பதற்கே ஒரு தாய் தேவைப்படுகிறார்.

"இது சட்டவிரோதம் இல்லையா? சான்றிதழ் இல்லாமல் எப்படிக் கல்லூரியில் சேர்ந்தீர்கள்?"

இன்று பலருக்கும் பயன்படக்கூடிய விஷயம் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை இல்லை. முதன்மையான பொறுப்பு அரசின் மேல்தான் வைக்கப்பட்டிருக்கிறது. நலிந்த, ஒடுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகள் பள்ளியில் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்வதும் அரசின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. 'பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை?' என்று பெற்றோரைக் கேட்கும் அதிகாரி, இந்தப் பிரிவை வைத்துத் தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் விஷயம். நான் தனித்தேர்வர். பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். 2006இல் எழுதினேன். அதன்பின் பத்தாம் வகுப்பு 2008இல். கணக்கில் தோற்றேன். துணைத்தேர்வில் தேறினேன். 2010இல் பன்னிரண்டாம் வகுப்பு. இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் பலர் எழுதுகிறார்கள். அது 1989இலேயே தொடங்கப்பட்டது என்றாலும் எங்கள் காலனிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

எழுதிய சான்றிதழ் எல்லாம் அரசுத் தேர்வுத்துறை கொடுத்ததுதான். ஆனாலும் கல்லூரிச் சேர்க்கையில் "டி.சி. எங்கே?" என்றார்கள். மாற்றுச் சான்றிதழ் கொடுக்க எனக்கு ஒரு பள்ளி இல்லை. இரண்டு நாள் அலையவிட்டார்கள். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் விதியை எடுத்துக் காட்டிய பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். 2009இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் இடஒதுக்கீடு வந்திருந்தது. என் இடம் அதில் கிடைத்த இடம். 'வீட்டிலேயே படித்துத் தன் திறமையால் முன்னேறியவர்' என்று என்னை யாராவது மேடையில் புகழ்ந்தால், இந்த வரியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். தாய் ஒருத்தி ஒரு வாசலை மூடினார். இன்னொரு வாசலைத் திறந்தது சமூகநீதி.

"மனிதர்களோடு பழகத் தெரியாமல் போயிருக்குமே?"

எந்த மனிதர்களோடு, எப்படிப் பழக? மூன்றாம் வகுப்புவரை நான் பள்ளியில் கற்ற பழக்கவழக்கம், குழாயில் யார் குடித்த பிறகு குடிக்க வேண்டும் என்பதுதான். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் தனியாக ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தார். அந்தச் சாக்கைப் பள்ளியைக் கூட்டும் ஆள்கூடத் தொடமாட்டார் என்பதால் மாலையில் அவரே வீட்டுக்குத் தூக்கிப் போனார். அதுவும் ஒரு 'பழகுதல்'தான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை, அவனோடு அதே பள்ளியில் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. வருகைப் பதிவேடு பற்றிய அந்த வரியைப் படித்தபோது நான் அதிக நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆனால் இந்தக் கேள்விக்கு என் பதில் இதோடு முடிந்தால் நான் நேர்மையானவள் இல்லை. இழப்பு இருந்தது. நிறைய இருந்தது. என் வயதுத் தோழி ஒருத்தி இல்லாமல் பத்து வயதும் பதினோரு வயதும் கடந்தேன். மாலை நான்கரைக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் சத்தம் கேட்டால் கதவருகே போய் நிற்பேன். கோகோ ஆடத் தெரியாது. ஆண்டுவிழா நாடகத்தில் மரமாகக்கூட நின்றதில்லை. ஆய்வகம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்கவில்லை. அறிவியல் எடுக்க ஆசைப்பட்டேன், செய்முறைக்கு வழியில்லாததால் வரலாறும் வணிகவியலும் எடுத்தேன். கல்லூரி முதலாண்டில் ஆறு மாதம் யாரிடமும் போய் உட்காரத் தெரியாமல் தனியாகச் சாப்பிட்டேன்.

சத்துணவு முட்டையையும் சொல்ல வேண்டும். அதை இழந்தது சின்ன விஷயம் இல்லை. அம்மா தையல் காசில் முட்டை வாங்கி அவித்து, "இன்னைக்கு சத்துணவு" என்று தட்டில் வைத்த நாட்கள் உண்டு. வாங்க முடியாத நாட்கள் அதைவிட அதிகம்.

என் தம்பி ஐந்து வயது இளையவன். அவனைச் சேர்க்கும் காலத்தில் அப்பா பழைய டி.வி.எஸ். 50 ஒன்று வாங்கியிருந்தார். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த தலைமையாசிரியை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தவர். தம்பி கபடி ஆடினான், சண்டை போட்டான், எல்லாத் தெருவிலும் நண்பர்களோடு வளர்ந்தான். படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரனா என்று கேட்டால் இல்லை. ஆனால் ஒரு அறைக்குள் நுழையும்போது, இது தனக்கும் உரிய இடம் என்று அவன் நடந்து போவான். எனக்கு அந்த நடை முப்பது வயதில்தான் வந்தது.

"அப்படியானால் நம் பிள்ளைகளும் வீட்டிலேயே படிக்கலாமே?"

அண்மைக்காலமாக இந்தக் கேள்வியும் வருகிறது. பள்ளியில் நடக்கும் கொடுமைகளைப் பார்த்து வெறுத்துப்போன இளம் பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுடைய வலி எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: கூடாது.

நம் முன்னோர் கேட்டது என்ன? பள்ளிக்கூடம். 1848இல் புனேயில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். 1894இல் சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஆல்காட்டின் இலவசப் பள்ளி தொடங்கியது. 1920இல் நீதிக்கட்சியின் காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு போட்டது. வீட்டிலும் மடத்திலும் அக்கிரகாரத்திலும் பூட்டிக்கிடந்த படிப்பைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்த நீண்ட சண்டை இது. அந்தப் பொதுவெளியை நாமே காலி செய்துகொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் மகிழ்கிறவர்கள் யார் என்று யோசியுங்கள்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களை மனதில் வைத்து வந்தவை. வீட்டில் படிக்கும் ஏழைப் பிள்ளை இவற்றுக்கு வெளியே நிற்கும். எல்லா வீட்டிலும் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் ஒரு அம்மாவும் இருக்கமாட்டார். என் கதை ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டால் நூறு பிள்ளைகள் வழியில் விழுவார்கள்.

ஆனால் ஒன்று. வேறு வழியில்லாமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் தாயைக் குற்றவாளியாக்காதீர்கள். அவர் பள்ளியை எதிர்க்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுகிறார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'ஏன் அனுப்பவில்லை?' அல்ல. 'அங்கே என்ன நடந்தது?' என்பதுதான். அதை எழுதிக்கொள்ள படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும். எழுதிய பிறகு நடவடிக்கை வேண்டும். இடைநிற்றலைக் கணக்கெடுக்கும் எந்தத் திட்டமும் சாதியை ஒரு காரணமாகப் பதிய மறுத்தால், அந்தக் கணக்கை நாம் ஏற்கக் கூடாது.

கடைசியாக அம்மாவைப் பற்றி. நான் பத்தாம் வகுப்பு முடித்த அடுத்த ஆண்டு அவருக்குப் பணி ஆணை வந்தது. பதிவு மூப்பில், இத்தனை ஆண்டு காத்திருந்த பிறகு, ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். முதல் நாள் வகுப்புக்குப் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது முப்பத்திரண்டு பெயர்கள் இருந்தன என்று வந்து சொன்னார். அதற்கு முன் அவர் ஏழு ஆண்டுகளாக ஒரே பெயரை வாசித்துக்கொண்டிருந்தவர்.

அவர் பள்ளியில் எந்தப் பிள்ளையும் கழிப்பறை கழுவுவதில்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அதைப் பெருமையாக ஒரு தோழரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா குறுக்கிட்டார். "கழுவுறதுக்கு இப்ப ஆள் போட்டிருக்காங்கடி. யாருன்னு கேளு."

நான் கேட்கவில்லை. எங்கள் தெரு அக்காதான். என்னோடு வெள்ளிக்கிழமைகளில் வாளி தூக்கியவர். அவருக்கு அன்று வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

அவருக்கும் சேர்த்துத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.